அறுபதாயிரம் புத்தகங்களும் ஒரு தக்காளி லாரியும்

திருப்பதி,
வியாழக்கிழமை.

சகல ஐசுவரியமும் பெற்று வாழவேண்டிய மருமகன் ஹரிபிரசாத்துக்கு, உன் தாய்மாமன் கோவர்த்தனன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் சௌக்கியம். செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் சௌக்கியமில்லை. நீ சொல்லி வாங்கித் தந்த நூலக வேலை போகவில்லை என்பதை முதலில் படித்துக்கொண்டு, பிறகு மற்றதைப் படி.

எங்கள் நூலகத்தின் அறுபதாயிரம் புத்தகங்களும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. மறுநாள் ஆய்வுக்கு வருகிறார்கள், பட்டியலைப் பெயர் வரிசையில் வைக்க வேண்டும் என்றார் எங்கள் நூலகர் ஷோபா மேடம். ஒரே தட்டுத் தட்டினேன். பட்டாளம் மாதிரி வரிசை கட்டி நின்றது. எண்ணிப் பார்த்தால் இருநூறுதான் இருக்கிறது. அடியில், மீதி 'லோடிங்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பாகாலா மண்டியில் பதினாறு வருஷம் நின்றவனுக்கு லோடிங் தெரியாதா? எவனோ புத்தகங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். அலமாரியைப் பார்த்தாயா என்று நீ கேட்பாய். கம்ப்யூட்டரே சொல்லும்போது அலமாரியை எதற்குப் பார்ப்பது? வாட்ச்மேன் சடகோபனைக் கேட்டேன். தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று இப்போதுதான் சித்தூர் பக்கம் போனது என்றான். மேடத்துக்குப் போனில் திருட்டு என்று சொல்லிவிட்டு, அவன் ஸ்கூட்டரிலேயே பறந்தேன். பாகாலாவில் நடுரோட்டில் கையை விரித்து நின்றேன், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்த லாரி அப்படியே நின்றது. டிரைவர் கங்கையா தார்ப்பாயைத் தூக்கிக் காட்டி, "புஸ்தகம் இல்ல சாமி, தக்காளி. நம்பிக்கை இல்லன்னா ஒண்ணு துன்னு பாரு" என்றான். துன்னேன். தக்காளிதான்.

திரும்பி வந்தபோது மேடம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"கோவர்த்தனன் காரு, பட்டியல் கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கினு இருக்குது, அதுக்குப் பேருதான் லோடிங். வந்த இருநூற மட்டும் வரிசை கட்டிட்டு, வராததத் திருட்டுன்னுட்டீங்க."

பிறகு அறுபதாயிரமும் வரும்வரை காத்திருந்து, மறுபடி வரிசைப்படுத்தினார். ஒன்றுகூடக் குறையவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆய்வுக்காரர்களும் திருப்தியாகப் போனார்கள். என் சுறுசுறுப்பைப் பார்த்த மேடம், முன்வாசல் முழுவதையும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்.

அக்காவுக்கு நமஸ்காரம். ஹர்ஷினிக் குட்டிக்கு முத்தம். உங்கள் வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கோவர்த்தனன்

பி.கு.: நான் கையை விரித்தபோது அந்த லாரி, டீக்கடை வாசலில் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. முன்வாசல் பொறுப்பு என்றால், வருகிறவர்களின் பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பது. மிஞ்சினால் நாற்பது பை, எல்லாமே ஒரே பார்வையில் தெரிகிறது. பெரிய நிம்மதி.