கீரைப் புழு

சைவக்காரனுக்கு வரக்கூடாத நோய் வருத்தங்கள் சில உண்டு. வந்தால், வருத்தத்தை விட அது எப்படி வந்தது என்று வீட்டில் சொல்வதுதான் உயிரை வாங்கும். எனக்கு வந்தது நாடாப்புழு.

புத்தூரில் எங்கள் வீட்டு வாசற் படலையை முட்டைக்கோதுகூடத் தாண்டியதில்லை. நானோ குருநகரில் சிநேகிதன் யூட் வீட்டு நத்தார்ப் பண்டிகை விருந்தில் பன்றி இறைச்சி தின்றவன். சண்டைக் காலம். கறி பாதி வேகும்போது ஆமியின் ஹெலிகொப்டர் வந்து சுற்றத் தொடங்கியது. புகையைக் கண்டால் சுடுவான் என்று யூட்டின் தாய் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஹெலி போன பிறகு மறுபடி மூட்ட விறகு ஈரம். "பரவாயில்லை அன்ரி, வெந்திட்டுது" என்று முதலில் தட்டை நீட்டியவன் நான்தான். (அதற்குமுன் இறைச்சிச் சட்டியையே கண்டிராத நிபுணர்.)

சில மாதங்களில் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் என்னிலிருந்து இறங்கி நெளியத் தொடங்கின. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"பண்டி சாப்பிட்டனீரோ?" என்று டொக்டர் கேட்டார்.

பக்கத்தில் ஊர்க்காரர் எவரும் இல்லை என்று பார்த்துவிட்டு "ஓம்" என்றேன்.

"உதின்ரை முட்டை மூளைக்குப் போனால் வலிப்பு வரும். ஆளும் போகலாம். குளிசை மருந்து ஒண்டும் இல்லை, அரசாங்கம் தடை போட்டு மறிச்சு வைச்சிருக்கு. நல்ல பரியாரியார் ஆரையும் பாரும். ஆனால் புழுவின்ரை தலை வரவேணும். தலை உள்ளை நிண்டால் திரும்ப வளரும்."

எங்கள் ஊர் நாட்டு வைத்தியரான பரியாரியார், என் தகப்பனான ஐயாவின் கூட்டாளி. பரியாரியாரிடமும் உண்மையைச் சொன்னேன். மாதுளை வேர்ப்பட்டைக் கஷாயமும், அதன்மேல் குடிக்க ஆமணக்கெண்ணெயும் தந்தார். "இளஞ்சூட்டுத் தண்ணியிலை குந்தியிரும். அந்தரப்பட்டு எழும்பினால் புழு அறுந்துபோம்" என்றார்.

வெறுவயிற்றில் குடித்தேன். கண்ணுக்குள் உலகமே மஞ்சளானது. நண்பகலில் கக்கூசுக்குள், பழைய பேசினில் சுடுதண்ணீர் விட்டுக் குந்தியிருந்தேன். புழு பாதி வெளியே, பாதி உள்ளே. அந்த நேரம் பார்த்துத்தான் குண்டு போடும் பொம்பர் வந்தது.

அம்மாவும் தங்கச்சியும் நிலத்தடிப் பங்கருக்குள் ஓடினார்கள். ஐயா கதவடிக்கு வந்தார்.

"தம்பி, கெதியா வா."

"ஏலாது ஐயா. எழும்பினால் அறுந்திடும்."

"தலை வந்திட்டுதோ?"

"இல்லை."

"அப்ப இரு."

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவின் கீழ் இடைவெளியில் அவருடைய வெறுங்கால்கள் தெரிந்தன. முதல் குண்டுக்குத் தகரக் கூரை அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. (மரண அறிவித்தலில் எந்த இடத்தில் இறந்தான் என்று போடுவார்கள்?)

"ஐயா, நீங்கள் போங்கோ."

"வாயைப் பொத்திக்கொண்டு உன்ரை அலுவலைப் பார்."

இரண்டாவது குண்டு இன்னும் கிட்ட விழுந்தது. ஆமணக்கெண்ணெய் செய்யாததைப் பயம் செய்து முடித்தது.

பொம்பர் போனதும் ஐயா உள்ளே வந்தார். முட்டை பொரிக்கும் மணத்துக்கே மூக்கைப் பொத்துகிற மனிதர், பூவரசந் தடியால் அந்த நீளத்தைக் கிளறிக் குனிந்து தேடினார். கடைசியில் குண்டூசித் தலை அளவில் ஒன்றைக் கண்டு "இருக்கு" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அன்று பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் பங்கரோடு மூடுண்டு போனதென்று பின்னேரம் அறிந்தோம்.

அம்மா வந்ததும் கேட்டது ஒன்றுதான். "உந்தச் சனியன் எங்காலை வந்தது?"

நான் வாய் திறக்குமுன் ஐயா சொன்னார். "கீரையிலை. வடிவாக் கழுவாட்டில் வருமாம். பரியாரியார் சொன்னவர்." என்னை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பரியாரியார் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு அப்போது விளங்கியது.

அன்றோடு எங்கள் வீட்டில் கீரை நின்றது. நான் குளியலறையில் கொஞ்சம் சுணங்கி நேரமெடுத்தால், தங்கச்சி இன்றைக்கும் வெளியில் நின்று "அண்ணை, தலை வந்திட்டுதோ?" என்று கேட்பாள். வீடே சிரிக்கும். ஐயா இருந்தவரை அவரும் சேர்ந்து சிரித்தார்.

முளைக்கீரைக் கறி இல்லாவிட்டால் சோறு இறங்காது என்றிருந்த மனிதர். சாகும்வரை அம்மாவிடம் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.