பொன்னாடையார் சென்னையில் கச்சேரி கேட்ட கதை

அடுத்தவரைப் பாராட்டுவதற்கென்றே இந்தப் பூமியில் பிறந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் நல்லம்பள்ளியில் உரக்கடை வைத்திருந்தார்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் பங்குச் சாமியாருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் பொன்னாடையார். யூரியா மூட்டைகளுக்கு நடுவே ஓர் அலமாரி வைத்திருந்தார். அதில் பூச்சிமருந்து இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உள்ளே அடுக்கடுக்காகச் சிவப்புக்கரைத் துண்டுகள். யாராவது எதையாவது ஒழுங்காகச் செய்வதைப் பார்த்துவிட்டால் போதும், அவருக்குக் கை பரபரக்கும். ஒரு துண்டை உருவிக்கொண்டு கிளம்பிவிடுவார். போய்ப் போர்த்துவார். போர்த்திவிட்டு, "நல்லம்பள்ளி மண்ணின் சார்பாக" என்று ஆரம்பித்து நான்கு வார்த்தை பேசுவார். நல்லம்பள்ளி மண் அவருக்கு எப்போது அதிகாரம் கொடுத்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு மழைநாளில் டிரான்ஸ்பார்மர் மேல் ஏறி நின்று கரண்டு கொடுத்த லைன்மேனுக்காக, கீழே துண்டோடு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். யாரோ சண்டைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்த லைன்மேன், வேலை முடிந்தும் இறங்கவில்லை. தன் பல்லைப் பிடுங்கிய டாக்டருக்குப் பிடுங்கிய அரை நிமிடத்தில் போர்த்தினார். வாயில் பஞ்சு இருந்ததால் அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய உரை அதுதான். ஒகேனக்கல்லில் சுழிப்பைத் தாண்டிப் பரிசலைக் கொண்டுவந்தவருக்கு நட்டாற்றிலேயே எழுந்து நின்று போர்த்தினார். பரிசலில் எழுந்து நிற்கக்கூடாது என்பது ஒகேனக்கல்லில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். துண்டு பரிசல்காரர் முகத்தை மூடிவிட்டது. பரிசல் ஐந்து சுற்று சுற்றியது. உள்ளே இருந்த ஆறு பேரில் நானும் ஒருவன். அவரவர் சாமியை அவரவர் கூப்பிட்டோம். பொன்னாடையார் மட்டும் உரையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஒன்பது வருடம் அவர் எதிர்வீட்டில் குடியிருந்தேன். எனக்கு ஒரு கைக்குட்டைகூட விழவில்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"நீங்க என்ன சார் பண்ணீங்க?" என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். நியாயமான கேள்வி.

இப்படிப்பட்டவரை ஒரு மார்கழியில் சென்னைக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் மகள் ஸ்டெல்லா எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் வயலின் பழகியவள். பிறகு சென்னைக்குப் போய் இசைக் கல்லூரியில் கர்நாடக சங்கீதம் படித்தாள். அந்த வருட சீசனில் அவளுக்கு முதல் வாய்ப்பு. ஒரு சபாவில், மத்தியான இலவசக் கச்சேரியில், வளர்ந்துவரும் ஒரு பாடகிக்குப் பக்கவாத்தியம். அந்தக் கச்சேரி நன்றாக அமைந்தால் அந்தம்மா அடுத்தடுத்த கச்சேரிக்கும் கூப்பிடுவார். சொதப்பினால் வாசிக்க வேறு நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

அப்பாவுக்கோ ஒரு வாரம் முன்னதாகவே போய் எல்லாக் கச்சேரியையும் கேட்டுவிட வேண்டும். "பரிச்சைக்கு முந்திப் பாடம் படிக்கணுமில்ல சார்?" பரீட்சை மகளுக்கு, படிப்பு இவருக்கு.

கிளம்பும்போது அவர் மனைவி லூர்து அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பொண்ணு கச்சேரி அன்னிக்கு மட்டும் இந்த மனுசன் மேடை ஏறிடக் கூடாது. ஏறினாருன்னா அவ பொழப்பு போச்சு. கால்ல கயித்தக் கட்டியாவது புடிச்சுக்கங்க."

"கவலைப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்" என்றேன். அதைக் கேட்டபிறகுதான் அக்காவின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

பஸ்ஸில் அவர் பையைத் திறந்து பார்த்தேன். இரண்டு வேட்டி, பதினான்கு துண்டு.

"எதுக்குங்க இத்தனை?"

"ஏழு நாள் சார். காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. குளிக்க மாட்டமா?"

முதல்நாள் சாயங்காலம் பெரிய வித்வான் கச்சேரி. அவர் கண்ணை மூடி ராகத்தை விரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது என்பதால் பக்கத்து சீட்டுக்காரர் தலையாட்டும்போதெல்லாம் நானும் ஆட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அவர் தூக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார். இதைக் கண்டுபிடித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால், பொன்னாடையாரைக் காணோம். மேடையில் இருந்தார்.

தமிழ்நாட்டில் கையில் துண்டோடு மேடை ஏறுகிறவரை யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. அவர் நேராகப் போனார். வித்வானைத் தாண்டினார், மிருதங்கத்தைத் தாண்டினார், பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டிக்கொண்டிருந்த அம்மாளுக்குப் போர்த்தினார். வித்வானுக்கு முன்னால் இருந்த மைக்கையும் ஒரு பார்வை பார்த்தார். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து வித்வான் மைக்குக்குக் குறுக்கே கையை வீசினார். அந்த அம்மாளுக்குப் பிறந்தநாள் போலிருக்கிறது என்று அரங்கம் கைதட்டியது.

"ஏங்க, பாடறவரை விட்டுட்டு அந்தம்மாவுக்கு ஏன் போட்டீங்க?"

"பாட்டுக்காரரு நடுவுல நடுவுல தண்ணி குடிச்சாரு சார். மேல பாத்து யோசிச்சாரு. அந்தம்மா ஒன்றரை மணி நேரமா கையை எடுக்கலீங்களே, பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சபா கேன்டீன். தோசை மாஸ்டருக்கு விழுந்தது. வரிசையில் தட்டோடு நின்றவர்கள் தட்டிய தட்டு, முதல்நாள் வித்வானுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் விபரீதம். பாட்டு நடந்துகொண்டே இருந்தது. பாடகர் நிறுத்தி மிருதங்கக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். ஆரம்பித்ததுதான் தாமதம், அரங்கத்தில் பாதிப்பேர் எழுந்து வாசலுக்கு நடந்தார்கள். அது காபிக்கான நேரம் என்பது அங்கே வழக்கம். எங்கள் ஊரில் கூத்திலோ பாட்டுக் கச்சேரியிலோ கூட்டம் மொத்தமாக எழுந்தால் அதற்கு இரண்டே காரணம். ஒன்று மழை, இல்லாவிட்டால் அடிதடி. அரங்கத்துக்குக் கூரை இருந்ததால் மழை இல்லை.

பொன்னாடையார் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எழுந்தார்.

"எங்கீங்க தகராறு? யாரு யாரை அடிச்சது?"

போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், "தகராறெல்லாம் ஒண்ணுமில்லை சார், காபி" என்றார்.

"காபியா? அந்த மனுசன் இப்பத்தானுங்க ஆரம்பிக்கிறாரு!"

சொல்லிவிட்டு வாசலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். நான்கு பேர் பயந்துபோய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பிறகு போய் மிருதங்கக்காரருக்குத் துண்டைப் போர்த்தினார். அவர் ஒரு தாளம்கூடத் தவறவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது என்று நினைக்கிறேன். நான் அப்போது கேன்டீனில் இருந்தேன்.

நான்காம் நாள் சபாவின் செயலாளரே எங்களைத் தேடி வந்துவிட்டார். பிடித்து வெளியே தள்ளப்போகிறார் என்று நான் நாலு சீட் தள்ளி உட்கார்ந்து, எனக்குச் சம்பந்தமில்லாத முகம் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

"சார், நீங்க எந்த அமைப்பு?"

"நல்லம்பள்ளிங்க."

செயலாளர் யோசித்தார். இத்தனை கலைஞர்களைக் கௌரவிக்கிற ஓர் அமைப்பைத் தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. "கேள்விப்பட்டிருக்கேன், கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். கையோடு அழைத்துப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். டிக்கெட் எடுத்திருந்த நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து தூணைப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் ஸ்டெல்லா லாட்ஜுக்கு வந்தாள். கையில் போன். தம்புரா அம்மாளுக்குத் துண்டு விழுந்த காட்சி ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"யாருப்பா இது?"

பொன்னாடையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நம்மூரு ஆளு மாதிரிதான் தெரியுது பாப்பா" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, எனக்குப் பாடறவங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட். கச்சேரி நடுவுல ஒரு போன் அடிச்சாலே பாட்டை நிறுத்திடுவாங்க. இந்த வாய்ப்புக்கு நான் ரெண்டு வருசமா அவங்க வூட்டு வாசல்ல நின்னிருக்கேன். நாளைக்கு நீங்க மேடை ஏறினீங்கன்னா இதோட முடிஞ்சுது. அப்புறம் நான் வயலினைத் தொடவே மாட்டேன்."

"ஏற மாட்டேன் பாப்பா."

"மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"மாதா மேல சத்தியமா ஏற மாட்டேன்" என்றார். அவள் மீதமிருந்த துண்டுகளை எல்லாம் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் பொன்னாடையார் கச்சேரிக்குப் போகவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டார்.

ஆறாம் நாள், மத்தியானம் பன்னிரண்டு மணி. அரங்கத்தில் எங்களையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். ஆறு பேர் ஏசிக் குளிருக்காக வந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் கேன்டீன் திறக்கக் காத்திருந்தார்கள். ஒருவர் ஏணியில் நின்று, ஓடாத ஓர் ஏசியை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. லாட்ஜிலிருந்து எடுத்துவந்த குளியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பொன்னாடையாரின் வலது கையை என் இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

முதல் பாட்டிலேயே வில் ஒருமுறை கிறீச்சென்றது. பாடகி திரும்பிப் பார்த்தார். பொன்னாடையார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கை என் கைக்குள் சில்லென்று ஆகிவிட்டது. அடுத்த பாட்டில் ஸ்டெல்லா, வாசிக்கலாமா என்று கேட்கிற மாதிரித் தொட்டுத்தொட்டு வாசித்தாள்.

பிறகு பாடகி ஒரு ராகத்தை எடுத்து வெகுநேரம் பாடிவிட்டு, இனி நீ வாசி என்பதுபோல் தலையசைத்தார். அது என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. அவள் வில்லை எடுத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். அது நடுங்கியது. நடுங்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது, நின்ற இடத்திலிருந்து நேராக எழுந்தது. அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏணிமேல் இருந்தவர் திருப்புளியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். பாடகி இரண்டு தடவை "ஆஹா" என்றார். ஸ்டெல்லா யாரையும் பார்க்கவில்லை. நானூறு பேர் உட்கார்ந்திருப்பதுபோல் வாசித்து முடித்தாள்.

முடித்ததும் கைதட்ட வேண்டும். தட்டவேண்டியவர்கள் தூங்கினார்கள். மீதிப்பேர் கேன்டீன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரங்கத்தில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வில்லைத் துடைத்தாள்.

பொன்னாடையார் பாய்ந்துவிடுவார் என்று பயந்து பக்கத்தில் பார்த்தேன். அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

எப்போது எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தோளில் கிடந்த லாட்ஜ் துண்டு, லாட்ஜின் பெயர் பெரிய எழுத்தில் வெளியே தெரியும்படி, விரித்த நிலையில் என் இரண்டு கைகளில் இருந்தது. இரண்டு எட்டும் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"சார், உக்காருங்க! மாதா மேல சத்தியம்!"

"விடுங்க. சத்தியம் பண்ணது நீங்க. நான் பண்ணல."

"நீங்க போனாலும் நல்லம்பள்ளி போன மாதிரிதான் சார். பாப்பா பொழப்பு சார். உக்காருங்க, கும்படறேன்."

உட்கார்ந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கும்தான். என் காதில் மெதுவாகக் கேட்டார்.

"கை தட்டலாமா சார்? அதுக்குச் சத்தியம் இல்லீங்களே?"

இல்லைதான். தட்டினோம். உரமூட்டை தூக்கிய கை அவருடையது. ஒவ்வொரு தட்டும் வேட்டுப் போட்டதுபோல் விழுந்தது. தூங்கிய ஆறு பேரும் திடுக்கிட்டு விழித்தார்கள். இவ்வளவு பலமாகத் தட்டுகிறார்கள் என்றால் ஏதோ பெரிய விஷயம் நடந்திருக்க வேண்டும் என்று அவர்களும் தட்டினார்கள். ஏணிக்காரர் திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு தட்டினார். ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா சீட்டில் இருப்பதைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் வாசித்ததெல்லாம் வேறு வாசிப்பு.

கச்சேரி முடிந்ததும் பாடகி அவளிடம், "தை மாசம் ரெண்டு கச்சேரி இருக்கு, தேதி சொல்றேன்" என்று சொன்னது எங்கள் காதிலேயே விழுந்தது. அவள் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

பஞ்சு வைத்த வாயோடு டாக்டருக்கு உரை நிகழ்த்தியவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ஏசி ஜாஸ்தி பாப்பா" என்றார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏழாம் நாள் கச்சேரிக்குச் செயலாளர் முதல் வரிசையில் இரண்டு இடம் போட்டு வைத்திருந்தார். பொன்னாடையார் வேண்டாம் என்றுவிட்டார்.

"போதும் சார். இதுக்கு மேல வேற ஏதாச்சும் கேட்டா, நேத்துக் கேட்டது காதுல கலைஞ்சு போயிரும்."

காலை பஸ்ஸில் கிளம்பினோம். வேலூர் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தலை நல்ல கனம். ஆம்பூரில் எனக்குக் கை மரத்தது, வாணியம்பாடியில் தோள் மரத்தது. கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். "பத்து நிமிசம் நிக்கும், எறங்கலீங்களா?" என்றார் கண்டக்டர்.

சத்தம் போடாதீர்கள் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.