பச்சைத் தட்டின் அடிப்பக்கம்

காரைக்குடி வட்டாரத்தில் எந்தப் பீங்கான் சாமானையும் நிமிர்ந்தபடி இருக்க விடாத ஒரே மனிதர் கவுத்தண்ணன்தான். கோப்பை, கிண்ணம், தட்டு, ஜாடி எது கண்ணில் பட்டாலும் முதல் காரியமாகக் கவிழ்த்துவிடுவார். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே தபாலாபீஸ் குமாஸ்தா. என் அறைக்குக் கீழே அவருடைய ஒட்டுக்கடை. உடைந்த பீங்கானில் ஊசித் துளை போட்டு, பித்தளைக் கம்பியால் தைத்துக் கொடுப்பது தொழில். ரங்கூனில் ஒரு சீனர் கடையில் கற்றுக்கொண்டு வந்த வித்தை. குடிவந்த முதல் நாள் மரியாதைக்காக அவரைக் கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். வாங்கிய வேகத்தில் கோப்பையைக் கவிழ்த்தார். காபி முழுக்க என் வேட்டியில்.

நான் அலறியதைப் பார்த்து, "பதறாதீக தம்பி. ஜப்பான் சரக்குதான், ஆனா நல்ல சரக்கு" என்று ஆறுதல் சொன்னார். நான் கோப்பைக்காகக் கவலைப்படுவதாக நினைத்துவிட்டார்.

ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு வைத்த பாயசக் கிண்ணத்தை அவர் கவிழ்த்ததும், அந்தத் தாய்மாமன் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனதும், பெண்வீட்டார் பின்னாலேயே ஓடியதும் ஊரறிந்த கதை. கவுத்தண்ணனுக்கு அதில் ஒரே வருத்தம்தான். "அம்புட்டுப் பாயசத்தயும் கொட்டிப் பாத்தேன், அடியில ஒண்ணுமே இல்ல" என்றார்.

அடி, அடி, எப்போதும் அடிதான். "மூஞ்சியப் பாத்தா எல்லாப் பயலும் யோக்கியன்தான் தம்பி. அடியப் பாருங்க" என்பார். பீங்கானை நிற்க வைக்கும் அடிவளையத்தில் பளபளப்புப் பூச்சு இருக்காது. மண் வெறுமையாகத் தெரியும். பழைய சீனத்துப் பச்சைத் தட்டுகளில் அந்த வளையம் சூளைத் தீயில் காய்ந்து செங்கல் நிறத்தில் இருக்கும். போலி செய்கிறவன் அந்த நிறத்துக்குக் காவியும் டீத்தண்ணியும் கலந்து தடவுவான். இதை எனக்குத் தினமும் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்காமலே.

இப்படிப்பட்டவரைக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குள் மட்டும் விடுவதில்லை. அந்த வீட்டு ஆச்சியிடம் ஒரு பச்சைத் தட்டு இருந்தது. அவருடைய மாமனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. பல நூறு வருஷத்து அசல் சரக்கு. அந்தப் பக்கத்து வீடுகளில் கரண்டி முதல் அண்டா வரை பேர் வெட்டாத சாமான் இருக்காதல்லவா? மாமனாரும் முறை தவறாமல், தட்டின் அடியில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் கொத்தித் தம் இனிஷியலைப் பதித்துவிட்டார். ஜாடி தைக்கப் போன கவுத்தண்ணன் வழக்கம்போல அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரு ஆச்சி இந்தக் கொலையப் பண்ணது?"

"எங்க மாமனார்."

"குரங்கு கையில பூமாலை!"

அத்தோடு அந்த வீட்டு வாசல் அவருக்கு மூடிக்கொண்டது. ஆனால் சொன்ன சொல் ஆச்சிக்கு உறுத்தியிருக்க வேண்டும். வருகிறவர்கள் கண்ணில் படாமலிருக்க அந்தக் கொத்தலின் மேல் பெயிண்டை அப்பி, பெயிண்டிலேயே இனிஷியல் எழுதி வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. உடனே வரவேண்டுமாம். கவுத்தண்ணன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் பேச ஒரு காது வேண்டுமே, என்னையும் இழுத்துக்கொண்டார்.

ஆச்சி முகப்பிலேயே நின்றார். "வாப்பா. உன் வாய்க்காக ரெண்டு வருசம் வெளிய வச்சேன். இப்ப உன் கண்ணு வேணும்" என்றார்.

விஷயம் இதுதான். மூத்த மகளுக்குக் கல்யாணம். இரண்டு நாளில் சீர்ச் சாமான்களை வளவு முற்றத்தில் பரப்பி உறவுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். பச்சைத் தட்டு மூத்த பேத்திக்குத்தான் என்று மாமனார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நடுவில் மெட்ராஸிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து, "ஆச்சி, இது டூப்ளிகேட்டு. சம்பந்தி வீட்ல சிரிப்பாங்க. எங்கிட்ட அசல் தட்டு இருக்கு, வச்சுக்குங்க. உங்க தட்டும், முகப்புல தொங்குற அந்த நாலு கலர் குளோப் விளக்கும் குடுத்தாப் போதும்" என்று சொல்லியிருக்கிறார். ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை. மாமனார் ஏமாந்து வாங்கியிருப்பாரா என்ற நினைப்பே அவரை அழவைத்திருந்தது.

"ரெண்டு தட்டையும் காட்டுங்க" என்றார் கவுத்தண்ணன்.

திண்ணையில் பதிலுக்காகக் காத்திருந்த வியாபாரியும் பின்னால் வர, பின்கட்டுக்குப் போனோம். அங்கே சீர்ச் சாமான்களுக்கு இனிஷியல் எழுத வந்த பெயிண்டர், வாளி, ஜாடி, பெட்டி என்று வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். கல்யாண வேகத்தில் இரண்டு தட்டுகளும் அவர் வரிசையில் போய்ச் சேர்ந்திருந்தன. இரண்டின் அடியிலும் நடுவில் வட்டமாகக் கறுப்புப் பூசி, அதன்மேல் ஒரே மாதிரி எழுதி, வெயிலில் காயவைத்திருந்தார்.

"இதுல ஆச்சியோடது எதுப்பா?"

"எனக்கென்ன தெரியும்? பச்சையா ரெண்டு வந்துச்சு, எழுதுனேன்."

ஆச்சி தலையில் கைவைத்துவிட்டார். கவுத்தண்ணன் மட்டும் கொஞ்சம் புளி கொண்டுவரச் சொன்னார். நனைத்த புளியால் ஒரு தட்டின் அடிவளையத்தைத் தேய்த்தார். செங்கல் நிறம் அசையவில்லை. மற்றதைத் தேய்த்தார். நிறம் புளியோடு வந்து, வளையம் சுண்ணாம்பாக வெளுத்தது. "இது போலி!" என்று தூக்கிக் காட்டினார். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

வியாபாரி அசரவில்லை. சிரித்துக்கொண்டே அசல் தட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "அதைத்தான் நானும் சொன்னேன். அந்தப் போலி உங்களுது. இந்த அசல் நான் கொண்டாந்தது. நம்பிக்கை இல்லாத எடத்துல எனக்கு வியாபாரம் வேணாம், நான் வர்றேன்!"

எது அசல் என்று தெரிந்துவிட்டது, யாருடையது என்று யார் சொல்வது? ஆச்சியின் கண் கலங்கிவிட்டது. நான் கவுத்தண்ணனை முறைத்தேன். வித்தையைக் காட்டித் திருடன் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அவரோ வியாபாரியிடம் குழைந்தார். "அருமையான தட்டு சார். ரொம்ப நாளா வச்சிருக்கீகளோ?"

"பத்து வருஷமா எங்கிட்டத்தான் இருக்கு."

"அதுக்கு முந்தி?"

"ஒரு ஜமீன் வீட்ல இருந்தது."

"அடியில இந்த வீட்டு எழுத்து?"

"இந்தாளு இப்பத்தானே எழுதினாரு!"

"வாஸ்தவம். அடுத்த வீட்டுப் பேரோட கொண்டு போகப்படாது. இருங்க, அழிச்சுத் தாரேன்."

வியாபாரி பெருந்தன்மையோடு நீட்டினார். பெயிண்டரின் டர்பன்டைனைத் துணியில் நனைத்துக் கவுத்தண்ணன் துடைத்தார். புதுக் கறுப்பு போயிற்று. அடியில் பழைய பெயிண்ட் தெரிந்தது. வியாபாரியின் சிரிப்பு சுருங்கியது. கவுத்தண்ணன் மடக்குக் கத்தியால் அதையும் மெல்லச் சுரண்டினார். புள்ளி புள்ளியாக, கோணல்மாணலாக, ஆணியால் கொத்திய மாமனாரின் இனிஷியல் எழுந்து வந்தது.

"ஜமீன்தாரும் ஆச்சியோட மாமனாரும் ஒரே ஆணியில கொத்துனாகளோ?"

கறுப்புக் கண்ணாடி எந்தப் பக்கமாகப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. போலித் தட்டை விட்டுவிட்டே ஓடிவிட்டார். பெயிண்டர் தூரிகையை உயர்த்தி "ஜே!" போட்டார். சமையல்கட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் கவுத்தண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பில் கைவைத்தார். "ஏப்பா, குரங்கு கையில பூமாலைன்னியே?"

கவுத்தண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தப்பு ஆச்சி. குரங்கில்ல, அவுக ஆஞ்சநேயர்."

சாமான் பரப்பிய அன்று எங்கள் இருவருக்கும் அழைப்பு. வளவு முழுக்கப் பித்தளையும் வெள்ளியும் நிமிர்ந்து மின்ன, நடுவில் சிவப்புப் பட்டின்மேல் பச்சைத் தட்டு மட்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கொத்திய எழுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி. ஆச்சியின் உத்தரவாம்.

அதன் எதிரில் நெடுநேரம் நின்றார் கவுத்தண்ணன். கவிழ்க்க வழியில்லாமல் போனதால், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தட்டை நிமிர்த்திப் பார்த்தார். உள்ளே பச்சைக்குள் பச்சையாக ஒரு தாமரை இருந்தது. "தம்பி, மூஞ்சியும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

யார் வீட்டில் காபி கொடுத்தாலும் நான் இன்றைக்கும் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்க்கிறேன். குடித்து முடித்த பிறகுதான். அவர் அளவுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை, அவர் ஞாபகம்தான் வருகிறது.