எலும்புச் சுத்தியலுக்குப் பொட்டு வைத்த கதை

ஆயுத பூஜை அன்று நம் ஊரில் பொட்டு வைக்காத பொருள் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். பஸ்ஸுக்கு நெற்றி நிறையச் சந்தனம். தையல் மெஷினுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்கு நாலு மூலையிலும் பொட்டு. நம் உறையூர்த் தெருவில் கோடி வீட்டுக்காரர் கொசு அடிக்கும் பேட்டுக்கே பொட்டு வைத்ததை நீங்களே பார்த்தீர்கள். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒருவன் தன் கையில் இருந்த ஆயுதங்களுக்குப் பொட்டு வைத்தான். இதில் என்ன தப்பு என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்தேன்.

கயல், முகிலா, இந்தக் கதையை அம்மா சொல்லித்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அவள் சொல்லும்போது நான் இடையில் ஒரு முட்டாளாக வந்து போவேன், அவ்வளவுதான். அவள் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் கதை சொல்ல ஆள் இல்லை. போன வாரம் முகிலன், "அந்தச் சுத்தியல் கதை எப்படிப்பா முடியும்?" என்று கேட்டதும் எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. மறக்க ஆரம்பித்துவிட்டானே! அதனால் நானே எழுதிவைக்கிறேன். பத்தாவதோடு நிறுத்தியவன் எழுதுவது. பிழை இருந்தால் கயல் திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது நான் புத்தூரில் ஒரு சர்ஜிக்கல் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எலும்பு ஆபரேஷனுக்கு வேண்டிய கருவிகளை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி எடுத்து வருவதுதான் என் உத்தியோகம். எலும்பு டாக்டரின் பெட்டியைத் திறந்தால் தச்சுப் பட்டறை மாதிரி இருக்கும். சுத்தியல், உளி, ரம்பம், சதையை விலக்கிப் பிடிக்கும் கொக்கி, எலும்பைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கடித்து எடுக்கும் நிப்ளர். எல்லாம் பளபளவென்று எவர்சில்வர். ஊசி மாதிரி ஒரு தடவை குத்திவிட்டுத் தூக்கி எறிகிற சமாசாரம் இல்லை. ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் கழுவி, இட்லி வேகவைப்பது போல ஆவியில் வேகவைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்துவார்கள். (அந்த இட்லிப் பானைக்கு ஆட்டோக்ளேவ் என்று பெயர். நம் வீட்டு இட்லிப் பானையை அப்படிக் கூப்பிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.)

முதுகெலும்பு செட் மட்டும் எங்கள் முதலாளியிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அடிக்கடி போகிற இடம் மன்னார்புரம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே கருவிகளை வாங்கிக் கழுவி வேகவைக்கிற பிரிவின் ஜன்னலில் நின்ற நர்ஸ்தான் உங்கள் அம்மா.

தலையில் பச்சைத் தொப்பி, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க். நடுவில் தெரிந்தது இரண்டு கண்கள் மட்டும். அந்தக் கண்களும் என்னைப் பார்க்காது, பெட்டியைத்தான் பார்க்கும். "வெச்சிட்டுப் போங்க" என்பாள். மறுநாள் போனால், "எடுத்துக்கங்க." இந்த இரண்டு வசனத்தைக் கேட்பதற்காக நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போவேன். ஒரு நாள் தும்மினாள். அந்தத் தும்மலை நினைத்துக்கொண்டே அன்று முழுக்க வண்டி ஓட்டினேன். (சிரிக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு காலம் வரும்.) என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. உள்ளே திரும்பி, "செட்டு வந்திருக்கு" என்று குரல் கொடுப்பாள். பெட்டிக்கும் எனக்கும் சேர்த்து அதுதான் பெயர்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. காலையில் கடையில் பூஜை முடிந்தது. முதலாளி ஸ்ரீரங்கத்தில் இருக்கிற தன் வீட்டுக்குக் கிளம்பும்போது, "மிச்சம் இருக்கிறதுக்கும் பொட்டு வெச்சுட்டுக் கடையைச் சாத்துப்பா" என்றார். அவர் மனதில் இருந்தது மேசையும் நாற்காலியும் என் டிவிஎஸ் வண்டியும். எனக்கோ அந்த முதுகெலும்பு செட் பெட்டிதான் கண்ணில் பட்டது. அவள் கை படுகிற பெட்டி அல்லவா? திறந்தேன். சுத்தியலின் தலையில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். உளிகளுக்கு வரிசையாக. நிப்ளருக்கு இரண்டு தாடையிலும். ஓட்டை, இடுக்கு, பல், கீல் எதையும் விடவில்லை. மேலே செவ்வந்திப் பூவை உதிர்த்து, பொரி கடலையும் தூவினேன். கோயில் நகைப் பெட்டி தோற்றது போங்கள்.

சாப்பிட உட்காரும்போது முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ஸ்பைன் செட்டை எடுத்துக்கிட்டு உடனே மன்னார்புரம் ஓடு. நம்ம ஸ்ரீரங்கத்து ஆளு ஒருத்தரு, வாழைத்தார் ஏத்துறவரு, லாரி மேலேர்ந்து விழுந்துட்டாராம். காலு ரெண்டும் மரத்துப் போச்சாம். நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

"சார், பூஜையில வெச்சிருக்கே. நாளைக்கு மறுபூஜை பண்ணிட்டுத்தானே எடுக்கணும்?"

"அந்த மனுஷன் நடக்கணும்ப்பா. பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ எடு."

அந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வைத்த பொட்டை அன்றைக்கே அழிக்க மனம் வரவில்லை. அங்கேதான் எப்படியும் கழுவப் போகிறார்களே, தெய்வம் கூடவே போகட்டும் என்று நினைத்தேன். மூடியைச் சாத்தி, பெட்டியை வண்டியில் கட்டி, சாலை நெடுக உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காய்களை ஒதுக்கி ஒதுக்கிப் போய்ச் சேர்ந்தேன்.

ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் ஓர் அம்மா ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விழுந்தவரின் மனைவி. பண்டிகை என்பதால் உள்ளே உங்கள் அம்மா மட்டும்தான் டியூட்டியில். வழக்கம்போல, "வெச்சிட்டு..." என்று ஆரம்பித்து மூடியைத் திறந்தாள்.

"போங்க" வரவே இல்லை.

முதன்முறையாக அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன. நான் ஏங்கிக்கொண்டிருந்த பார்வை. இப்படி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

"என்னங்க இது?"

"ஆயுத பூஜைங்க."

"அது தெரியுதுங்க. இது என்ன?" என்று நிப்ளரைத் தூக்கிக் காட்டினாள். அது ஒரு பொரியைக் கவ்விக்கொண்டிருந்தது.

"பிரசாதம்..." என்றேன்.

பெஞ்சில் இருந்த அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "சாமி கும்பிட்டா எடுத்தாந்தீங்க? நல்லா இருங்க தம்பி. எங்க வீட்டுக்காரரு கட்டாயம் எந்திரிச்சுருவாரு."

"அம்மா, நீங்க போய் உக்காருங்க" என்றாள் உங்கள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "சந்தனம் காஞ்சு உள்ள போயிருச்சு. இதோட ஆவியில வெச்சா சிமெண்ட் மாதிரி புடிச்சிக்கும். ஒரு துளி ஒட்டியிருந்தாலும் முதுகுக்குள்ள போகும். சீழ் வைக்கும். அந்த அம்மா அப்புறம் யாரைக் கும்பிடும்?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், செட்டுக்குக் கல்யாணமா?"

"கழுவிடுறேன் டாக்டர்."

"ஆறு மணிக்கு ஆட்டோக்ளேவ்ல ஏறணும். இல்லைன்னா காலைல கேஸ் இல்லை. தள்ளிப்போடுற கேஸும் இல்லை இது, தெரியும்ல?"

அவர் போனதும் உங்கள் அம்மா ஒரு ஜோடி கையுறையை என் மேல் வீசினாள். "வாங்க உள்ள. பொட்டு வெச்ச கைதானே?"

கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு கீலையும் திறந்து தேய்க்க வேண்டும். நான் உதவி செய்கிற ஆர்வத்தில், "புளி போட்டு விளக்கினா சட்டுனு போயிருங்க" என்றேன்.

"இது என்ன உங்க வீட்டுக் குத்துவிளக்கா?"

"கம்பி நாராவது..."

"கீறல் விழும். கீறல்ல அழுக்கு தங்கும். நீங்க பேசாம தேய்ங்க செட்டு."

பேசாமல் தேய்த்தேன். தேய்த்ததும் வெள்ளைத் துணியால் அவள் ஒற்றிப் பார்ப்பாள். துணியில் இளஞ்சிவப்பு தெரியும். "மறுபடி." தேய்ப்பேன். ஒற்றுவாள். "மறுபடி." நான் எத்தனை பக்தியோடு குங்குமம் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லட்டுமா? பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன். கூடவே, இந்தத் தேய்ப்பு முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் என்ன என்றும் இருந்தது. பிறகு கதவின் கண்ணாடி வழியாக அந்த ஒயர்கூடை கண்ணில் படும். வெட்கமாகிவிடும். இன்னும் வேகமாகத் தேய்ப்பேன்.

கடைசியில் ஒன்றுதான் பாக்கி. பஞ்ச் என்பார்கள். நீளமான மூக்கு, மேலே ஒரு தண்டு கீழே ஒரு தண்டு, நடுவில் மயிரிழை இடுக்கு. அதற்குள் சந்தனம் போய் உட்கார்ந்திருந்தது. ஊசிக்குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினோம். ஒற்றினாள். சிவப்பு. மறுபடி பீய்ச்சினோம். சிவப்பு. மணி ஐந்தரை தாண்டிவிட்டது. மறுபடி. இந்த முறை முன்னைவிட அதிகச் சிவப்பு.

"எவ்வளவுதான் வெச்சீங்க!" அவள் குரல் உடைந்தது.

"கொஞ்சந்தாங்க வெச்சேன், சத்தியமா!"

அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "ஐயோ, இது குங்குமம் இல்லீங்க. உங்க ரத்தம்!"

பஞ்ச் கருவியின் முனை கையுறையைக் கிழித்து என் விரலையும் கடித்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்ததும் செய்ய வேண்டியதைச் செய்தேன். தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். எலும்புச் சுத்தியலைத் தோளில் சுமந்து ஊர் சுற்றுகிற வீரன், ஒரு சொட்டு ரத்தத்துக்குத் தொட்டியடியில் சாய்ந்து கிடந்தேன். அவள் என் விரலில் துணியைச் சுற்றி, "அழுத்திப் புடிச்சிக்கிட்டு அங்கயே கெடங்க" என்று சொல்லிவிட்டு, பஞ்ச் கருவியை முதலில் இருந்து தனியாகக் கழுவினாள். ஒற்றினாள். துணி வெள்ளையாக இருந்தது. மறுபடி ஒற்றினாள். வெள்ளை. ஆட்டோக்ளேவின் கதவு மூடுகிற சத்தம் கேட்டபோது இரண்டு பேரும் பெருமூச்சு விட்டோம்.

அதற்குப் பிறகுதான் டெட்டனஸ் ஊசி போட்டாள். நான் கத்தவில்லை. (அம்மா வேறு மாதிரி சொல்வாள். நம்பாதீர்கள்.) சீட்டில் எழுத வேண்டுமே, அதற்காக, "பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் மதியம் செட்டை எடுக்கப் போனேன். இரவெல்லாம் அந்த மனிதரின் கால்களே நினைவு. ஜன்னலில் நின்றேன். பெட்டியை நகர்த்தினாள். "எடுத்துக்கங்க" என்று சொல்வாள் என்று கையை நீட்டினேன்.

"கால் விரல் அசையுதாம்" என்றாள்.

அதை எனக்கு அவள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் சொன்னாள். பெட்டியைத் தூக்க மறந்து நின்றேன்.

அந்த ஸ்ரீரங்கத்து அம்மா பொங்கலுக்கு முன்னால் ஒரு தார் பூவன் பழத்தோடு கடைக்கே வந்துவிட்டார். வீட்டுக்காரர் கோலூன்றி நடக்கிறாராம். "எல்லாம் நீங்க வெச்ச பொட்டு தம்பி" என்றார். உங்கள் அம்மா இதை ஒப்புக்கொண்டதே இல்லை. அந்த ஆஸ்பத்திரி ஜன்னலில், "பூஜை செய்த கருவிகள் வாங்கப்பட மாட்டாது" என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். இன்றும் இருக்கிறது. ஊரில் கல்வெட்டில் பெயர் வந்தவர்கள் பலர். எனக்கு வாய்த்தது இது. நம் வீட்டிலும் புதிதாக எது வந்தாலும், குக்கர் வந்தாலும் சரி, கயல் பிறந்து வந்தபோதும் சரி, "முதல்ல அந்த ஆளு கையிலேர்ந்து குங்குமத்தை வாங்குங்க" என்பதுதான் அம்மாவின் முதல் பேச்சு.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு அவள் இல்லை. நாம் மூன்று பேரும் செய்தோம். முகிலன், "போனுக்கும் வெக்கணும்ப்பா, அம்மா அதுலதானே வர்றாங்க" என்றான். நியாயமாகப் பட்டது. நல்ல தாராளமாக வைத்தான், சரியாக முன்பக்கக் கேமரா மேலேயே. சற்று நேரத்தில் வீடியோ கால் வந்தது.

"என்னங்க, ஒண்ணுமே தெரியலையே. இருட்டா, செவப்பா இருக்கு."

"தம்பி பொட்டு வெச்சிட்டான்மா!" என்று கத்தினாள் கயல்.

அங்கே அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. நாம் அவளுக்குத் தெரியவில்லை என்பதால், அவளை நாம் பார்த்துக்கொண்டிருப்பதும் அவளுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. எப்போதும் நமக்காக வைத்துக்கொள்கிற அந்தத் தெம்பான முகம் அன்று இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் இருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"அப்பன் மாதிரியே வந்திருக்கு பாரு. தொடைங்க, சீக்கிரம். புள்ளைங்களப் பாக்கணும் எனக்கு."

"இதோ" என்று சொல்லித் துணியை எடுத்தேன். உடனே துடைக்கவில்லை.