எழுத்தாளர் வீட்டுக் கஷ்டம்

கதவைத் திறந்த எழுத்தாளரின் கையில் ஒரு துணிப்பையைத் திணித்தார் கீழ்வீட்டு அக்கா.

"என் பொண்ணு போட்ட சட்டைங்க தம்பி. உங்க பாப்பாவுக்குச் சரியா இருக்கும். தப்பா நெனச்சுக்காதீங்க."

எழுத்தாளருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் உச்சி குளிர்ந்துபோனது.

போன மாதம்தான் அவருடைய சிறுவர் நாவல் வெளியாகியிருந்தது. பேசும் முயலோ பறக்கும் கம்பளமோ இல்லாத அசல் வாழ்க்கைக் கதை. அதில் அப்பாவுக்கு ஆலையில் வேலை போய்விடுகிறது. அம்மா பாத்திரம் சுரண்டும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு யாருக்குச் சோறு குறையும் என்று மகள் கண்டுபிடித்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பழைய சட்டையில் அவள் பள்ளிக்குப் போகும் இடத்தை எழுதியபோது எழுத்தாளரே மூக்கைச் சிந்தினார்.

அதையெல்லாம் அக்கா நிஜமென்றே நம்பிவிட்டார்! எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"அக்கா, அதெல்லாம் வெறும் கதைக்கா!" என்றார், பெருமையை அடக்கிக்கொண்டு.

அக்கா பெருமூச்சு விட்டார். "எந்த வீட்டுலதான் கதை இல்ல, சொல்லுங்க."

மாலையில் மருத்துவமனையிலிருந்து திரும்பிய மனைவி பையைப் பிரித்துப் பார்த்தாள். அவள் நர்ஸ், கால் கடுக்க நின்றுவிட்டு வந்திருந்தாள்.

"என்னங்க இது?"

"என் எழுத்துக்குக் கிடைச்ச பரிசு."

"பரிசுல ரெண்டு பட்டன் இல்ல. போய்த் திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

திருப்பிக் கொடுக்கப் போனவர் அதே பையோடும், கூடுதலாக ஒரு தூக்குச் சாப்பாட்டோடும் திரும்பி வந்தார். "நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று அவர் சொல்லச் சொல்ல அக்காவின் கண் கலங்கியதுதான் மிச்சம்.

வசதியைக் கண்ணால் பார்த்தால் நம்பிவிடுவார்கள் என்று, எழுத்தாளர் ஒரு பெரிய சோபா வாங்கினார். நான்கு பேர் முக்கி முனகி அதை மாடிப்படியில் ஏற்றினார்கள். குடியிருப்பே எட்டிப் பார்த்தது.

மேல்வீட்டில் இருந்த முன்னாள் வங்கி மேனேஜர் மட்டும் படியிறங்கி வந்து காதோடு சொன்னார். "தவணையா தம்பி? இந்த நெலமையில இதெல்லாம் தேவையா?"

மறுநாள் முதல் எழுத்தாளர் இஸ்திரி போட்ட சட்டையும் தோள்பையுமாக, ஆபீஸ் போகிறவரைப் போல, காலையிலேயே கிளம்பினார். போய் உட்கார்ந்தது பூங்கா பெஞ்சில். எழுதவும் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் நாளே எதிர்வீட்டு இரும்புக்கடைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்படி அலைஞ்சா உடம்பு என்னத்துக்காகும்? நம்ம கடைக்கு வந்துடுங்க. எழுத்து வேலைதான்."

"நான் ஏற்கெனவே எழுத்து வேலையிலதாங்க இருக்கேன்!"

கடைக்காரர் அவர் தோளைத் தட்டினார். "கௌரவம் பாக்காதீங்க தம்பி."

ஒரு நாவல் ஊரையே இப்படி ஆட்டிவைக்குமா! வீடு திரும்பும்வரை எழுத்தாளரின் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. வீட்டில் மகள் சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நாம ஏழையாயிட்டோமா? கீழ்வீட்டு ஆன்ட்டி என் தலையத் தடவிட்டு அழுதாங்கப்பா. நான் இனிமே பால் கேக்க மாட்டேன்."

எழுத்தாளருக்குச் சுருக்கென்று தைத்தது. அவருடைய நாவலில் அந்தச் சிறுமிகூட இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"இல்லடா கண்ணு. அப்பா கொஞ்சம் அளவுக்கு மீறி நல்லா எழுதிட்டேன். அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுத்தாளர் எழுந்தார்.

"ஆறு மாசம் முன்னாடி குடிவந்த எங்க மேல இவ்வளவு அன்பு காட்டுனதுக்கு நன்றி. ஆனா அந்த அப்பா நான் இல்லைங்க. எங்க வீட்டுல ஒரு கஷ்டமும் கிடையாது. நான் எழுதுன புத்தகம் முழுக்க முழுக்கக் கற்பனை. அதைப் படிச்சு நீங்க இவ்வளவு உருகிட்டீங்கன்னா, அது என் எழுத்தோட வெற்றி!"

கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்தினார். யாரும் தட்டவில்லை. மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அக்கா கடைக்காரரைப் பார்த்தார். கடைசியில் பின்வரிசையிலிருந்து அக்காவின் கணவர் மெல்ல எழுந்தார்.

"எந்தப் புத்தகம் தம்பி? நாள் பூரா பனியனோட ஜன்னல்கிட்ட உக்காந்து வெறிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கீங்களேன்னு, உங்களுக்கு வேலை போயிடுச்சுன்னுல்ல நாங்க நெனச்சோம்!"