கணக்கு டீச்சரின் கல்யாணம் சுடுகிறது

அன்புள்ள சின்ன மாமாவுக்கு,

வணக்கம். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம், எல்லோரும் தூங்குகிறார்கள். நீங்களும் அத்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் உங்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. போனில் கேட்டிருப்பேன். போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடவும். அத்தை கேட்டால் பள்ளிக்கூட விஷயம் என்று சொல்லுங்கள், அதுவும் பொய்யில்லை.

எங்கள் கணக்கு டீச்சரின் கல்யாணத்துக்கு அம்மாதான் படம் எடுத்தாள். டீச்சர் தினமும் வகுப்பில், "என்னம்மா, என் கல்யாணம் எப்ப வரும்?" என்று என்னைக் கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அத்தனை படமும் நீங்கள் வாங்கித் தந்த கறுப்பு ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. கேமரா கார்டுகளை அடுத்த வேலைக்காக அம்மா அழித்துவிட்டாள். இன்று ராத்திரி அதிலிருந்து புது டிஸ்குக்குக் காப்பி போட்டுவிட்டு, "விடிய விடிய ஓடும். நீ அது பக்கமே போகாதே" என்று சொல்லிப் படுத்தாள். நான் போகவில்லை மாமா. அதுதான் என் வீட்டுப்பாட மேஜையில் இருந்தது. அதனால் ஓடிக்கொண்டிருந்ததை வயர்களோடு அப்படியே அலுங்காமல் தூக்கி, பக்கத்து அலமாரியில் இரண்டு அகராதிகளுக்கு நடுவே விழாதபடி இறுக்கிச் செருகி, தூசி படாமலிருக்க என் ஸ்வெட்டரைப் போர்த்தி, கதவையும் சாத்தினேன். ஒரு குழந்தையைக்கூட இப்படிப் பத்திரமாகப் படுக்க வைத்திருக்க மாட்டார்கள். கணக்கையெல்லாம் போட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கிறது!

அப்போதுதான் நீங்கள் போன தடவை சொன்னது ஞாபகம் வந்தது. "இதுவும் மூச்சு விடணும்டி. சுத்திக் காத்து ஓடணும். ஓடும்போது தூக்காதே, ஆட்டாதே. அம்பது டிகிரி தாண்டுச்சுன்னா எங்கிட்டச் சொல்லு." தூக்கியாயிற்று, ஆட்டியாயிற்று, மூச்சையும் அடைத்தாயிற்று. பாக்கியிருப்பது உங்களிடம் சொல்வதுதான், அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐம்பது தாண்டியதா என்று தெரிய வேண்டாமா? காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை அதன்மேல் வைத்தேன். அது நாற்பத்திரண்டு வரை ஏறிவிட்டு, அதற்குமேல் தனக்குத் தெரியாது என்று கீச்கீச்சென்று கத்தியது. அப்பா எழுந்து வந்துவிட்டார். என் கையில் தெர்மாமீட்டர்.

"நாப்பத்திரண்டா!" என்று நெற்றியைத் தொட்டார். "சில்லுன்னு இருக்கே! ஐயோ, காய்ச்சல் உள்ளுக்குள்ள இறங்கிடுச்சு!"

"அதெல்லாம் இல்லப்பா, எனக்கு ஒண்ணுமில்ல."

"பார்த்தியா, பிதற்ற வேற ஆரம்பிச்சுட்டே. அம்மாவை எழுப்பட்டுமா?"

அம்மா என்றதும் வாயை மூடிக்கொண்டேன். இல்லாத காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை விழுங்கினேன். அப்பா என் நெற்றியில் ஈரத்துணி போட்டு, நான் கண்ணை மூடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் ஓடினேன். ஈரத்துணியை டிஸ்க் மேல் போடலாமா என்று யோசித்தேன். யோசித்ததோடு சரி. ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கதவைத் திறந்தும் பார்த்தேன். குளிர வைத்தால் உள்ளே வியர்த்துவிடும் என்று ஒருமுறை நீங்கள் அம்மாவைத் திட்டினீர்களே, அதனால் மூடிவிட்டேன். பிறகுதான் எனக்கே ஒரு நல்ல யோசனை வந்தது. ஸ்வெட்டரை எடுத்தேன், அகராதிகளை உருவினேன், அலமாரிக் கதவை விரியத் திறந்து எதிரே டேபிள் ஃபேனை வைத்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இடமில்லை. லைட் போட்டால் அப்பா வந்துவிடுவார். இருட்டில் தடவி, அப்பாவின் ஷேவிங் மெஷின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஃபேனைச் செருகினேன்.

அப்பப்பா, என்ன ஃபேன் மாமா! இப்போதுதான் போய்த் தொட்டுப் பார்த்தேன். சூடு நன்றாக இறங்கிவிட்டது. கரகர சத்தம்கூட இல்லை. நீல விளக்கும் அணைந்துவிட்டது. பாவம், காப்பி சீக்கிரமே முடிந்து தூங்கிவிட்டது போலிருக்கிறது. இனி நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை, வரவும் வேண்டாம். நாளை டீச்சர் கேட்டால் நிமிர்ந்து நின்று பதில் சொல்வேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கடைக்கு வரும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன். ஷேவிங் சார்ஜர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அப்படியே இருக்கிறது. நான் பிடுங்கியது டிஸ்கின் பிளக். கம்ப்யூட்டர் திரையில் காப்பி ஓடுவதைக் காட்டும் கோடு பாதியில் நிற்கிறது, பக்கத்தில் ஏதோ சிவப்பாக எழுதியிருக்கிறது, முழுதாகப் படிக்க தைரியம் வரவில்லை. மறுபடி செருகிவிடலாமா என்று கை பரபரக்கிறது. தொடாதே என்று சொன்னதை இப்போதாவது கேட்கிறேன். அம்மாவை எழுப்பப் போகிறேன். நீங்கள் தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைப்பதற்கு முன்பே புறப்பட்டு வந்துவிடவும்.