பதினோரு சிவப்பு

மேகலாவின் கைப்பைக்குள் போன் பதினோரு முறை அலறியது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கிராம சுகாதார செவிலியரான அவள் போனை எடுத்தாள். திரையில் பதினோரு பெயர்கள், பதினொன்றும் சிவப்பு. கேமரா மேல் ஒரு நிமிடம் விரலை வைத்தால், இதயம் சீராகத் துடிக்கிறதா என்று சொல்லும் செயலி அது. பச்சை என்றால் நிம்மதி. சிவப்பு என்றால் துடிப்பு தாறுமாறு. எந்த நேரமும் ரத்தக்கட்டி மூளைக்கு ஏறி ஆள் சாயலாம்.

அறுபது தாண்டியவர்களைத் தேடி மூன்று வாரமாக அலைந்திருந்தாள். போகும்போதெல்லாம் ஒருவர் தக்காளித் தோட்டத்தில், இன்னொருவர் குந்தாரப்பள்ளிச் சந்தையில். கால் வீங்கியதுதான் மிச்சம். அதனால்தான் நேற்று மாலை பால் சொசைட்டி செயலாளர் கங்கப்பனிடம் போனைக் கொடுத்து, உபயோகிக்கும் விதத்தையும் சொல்லித் தந்தாள். விடிந்தால் பெரியவர்கள் எல்லாரும் பால் ஊற்ற அங்கே வந்தே ஆகவேண்டும். சொசைட்டியில் சிக்னல் கிடையாது. இன்று காலை போனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நெடுஞ்சாலை வந்ததும் முடிவுகள் மொத்தமாக வந்து விழுந்தன.

செயலிக்குத்தான் கோளாறோ என்று தன் விரலை வைத்துப் பார்த்தாள். பச்சை. பக்கத்து சீட்டு அம்மாள் விரல். அதுவும் பச்சை.

டாக்டர் அனுப்ரியாவுக்குப் போன் செய்தாள். பதினோரு பேரையும் மதியத்துக்குள் ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். யாரையும் பயமுறுத்தக் கூடாது, முக்கியமாக, யாரையும் உடம்பை அலட்டிக்கொள்ள விடக்கூடாது.

மேகலா இறங்கி, எதிர்ப்பக்க பஸ் பிடித்து, மறுபடி சொசைட்டிக்கு நடந்தாள். பக்குவமாகக் கூப்பிடுங்கள் அண்ணா என்று கங்கப்பனிடம் கெஞ்சினாள். அவர் பக்குவமாக மைக்கை எடுத்தார்.

"யாரும் பயப்பட வேண்டாமுங்க. நெஞ்சு நின்னு போற நெலமையில இருக்கற பதினோரு பேரும் உடனே சொசைட்டிக்கு வாங்க."

பதினோரு பேருக்கு அறுபது பேர் வந்தார்கள், பாதிப் பேர் அழுதுகொண்டு. பதினொருவரில் ஒருவரான வெங்கடசாமி, கம்பெனியில் வேலையாக இருந்த இரண்டு மகன்களையும் போனில் பிடித்து, கிணற்றடி நிலம் யாருக்கு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அண்ணன் தம்பி இருவரும் லீவு போட்டுக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார்கள்.

இன்னொருவரான திம்மப்பன் வர முடியாது என்றார். "மாடு ஈனற நேரம். கன்னு விழட்டும், அப்புறம் என் நெஞ்சைப் பாத்துக்கலாம்."

கங்கப்பன் ஓட்டமாகப் போய் அந்த மாட்டுக்குக் காவல் ஆள் வைத்துவிட்டு, ஓட்டமாகத் திரும்பினார். பால் வேனில் இருந்த கேன்களை ஒற்றை ஆளாக இறக்கினார். நடக்கத் தயங்கிய இருவரைத் தூக்கியே ஏற்றினார்.

"கொஞ்சம் உட்காருங்க அண்ணா" என்றாள் மேகலா.

"நோயாளிங்கள அசையவிடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, நர்சம்மா? நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரிக்கு முந்தைய மேட்டில் வேன் நின்றுவிட்டது. உள்ளே பதினோரு பேரும் அசையாமல் இருந்தார்கள். கங்கப்பன் இறங்கி, கேட் வரைக்கும் தள்ளினார்.

ஈசிஜி எடுத்து முடிக்க மூன்று மணி ஆயிற்று. பதினொன்றும் சுத்தம். வெங்கடசாமியின் மகன்கள் நிலத்தைப் பிரித்துக்கொண்ட பிறகு வந்த நல்ல செய்தி என்பதால், அவர் ஒருவர் மட்டும் சந்தோஷப்படவில்லை.

மேகலா பெஞ்சில் சரிந்தாள். திட்டு வாங்கக்கூடத் தெம்பில்லை. ஆனால் டாக்டர் திட்டவில்லை. போனில் இருந்த துடிப்புப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செயலி தப்பா சொல்லல, மேகலா. இது நிஜமான கோளாறு, மோசமான கோளாறு. ஆனா இந்தப் பதினோரு பேர்ல ஒருத்தருக்கும் இல்ல."

ஜன்னலுக்கு வெளியே, ஆம்புலன்சுக்கு வழிவிட, கங்கப்பன் மறுபடி வேனைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

சாயங்காலப் பால் கறக்க நேரமாகிறதே என்று எழுந்த, பதினொருவரில் ஒருத்தியான நஞ்சம்மா, டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஈரக் கைய அந்தப் போனு எடுக்கவே இல்லைங்க டாக்டரம்மா. வரிசை நிக்குதேன்னு, பதினோரு பேருக்கும் கங்கப்பன்தான் தன் வெரலை வெச்சுக்கிட்டாரு."